பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள்

நிலக்கடலை விதைத்துப் பத்து நாட்கள் கழிந்தும் சாலில் இடைவெளி தெரிந்தால் உழவர் என்ன செய்கிறார்? அந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறி, விதையை எடுத்துப் பார்க்கிறார். விதை அழுகியிருந்தால் ஈரம் மிகுதி அல்லது பூசணம். ஊறாமலே கிடந்தால் ஈரம் போதவில்லை. முளைவிட்டு மேலே வர முடியாமல் மடங்கியிருந்தால் ஆழம் அதிகம் அல்லது மேல்மண் இறுகிவிட்டது. விதையையே காணவில்லை என்றால் எறும்போ பறவையோ கொண்டுபோய்விட்டது. காரணம் தெரிந்த பிறகுதான் அடுத்த விதைப்புக்குத் திட்டமிடுகிறார்.

முட்டையும் ஒரு விதைதான். ஆனால் 21 நாட்கள் காத்திருந்து, பாதி முட்டைகள் பொரிக்காமல் கிடந்தால் நாம் கிளறிப் பார்ப்பதில்லை. "கூமுட்டை" என்று சொல்லிக் குப்பைக் குழியில் எறிந்துவிடுகிறோம். பிறகு இயந்திரம் சரியில்லை என்கிறோம், முட்டை கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார் என்கிறோம், கண்ணேறு என்கிறோம். காரணத்தைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி குப்பைக் குழியில் கிடக்கிறது.

இந்தத் தவற்றை நானும் செய்யவிருந்தேன். நான் உழவியல் ஆசிரியன். எங்கள் ஒருங்கிணைந்த பண்ணையத் திடலில் நெல், மீன் குட்டை ஆகியவற்றுடன் நாட்டுக்கோழியும் வளர்க்கிறோம். ஒரு சித்திரை மாதத்தில், இன்குபேட்டர் எனப்படும் சிறிய குஞ்சு பொரிப்பான் ஒன்றை வாங்கி 60 முட்டைகள் வைத்தோம். கிடைத்தவை 22 குஞ்சுகள். இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, விற்றவருக்குக் கடிதமும் எழுதி வைத்துவிட்டேன். கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் அம்மையார்தான், "எறியறதுக்கு முன்னாடி உடைச்சுப் பாத்துடலாமே, சார்" என்றார்.

மீதியிருந்த 38 முட்டைகளையும் உடைத்தோம். 7 முட்டைகளில் கருவே கூடவில்லை. 23 முட்டைகளில் முதல் வாரத்திலேயே கரு இறந்திருந்தது. 2 முட்டைகளில் நடுவிலும், 6 முட்டைகளில் கடைசி நாட்களிலும் குஞ்சு இறந்திருந்தது. முதல் வாரத்தைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவை குறித்த நாளில் நல்ல குஞ்சாக வெளிவந்திருந்தன. வெப்பமானியைச் சோதித்தபோது அதுவும் சரியாகவே இருந்தது. எனவே, குறை இயந்திரத்திற்குள் நுழையும் முன்பே நேர்ந்திருக்க வேண்டும். யோசித்தபோது விளங்கியது: அந்த 60 முட்டைகளைச் சேர்க்க 14 நாட்கள் ஆயின, அத்தனை நாளும் அவை கல்நார் ஓடு வேய்ந்த அறையில் சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்தன. கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடுத்த முறை 4 நாட்களுக்குள் சேர்ந்த முட்டைகளை மட்டும், மண்பானையில் வைத்திருந்து, அதே இயந்திரத்தில் வைத்தோம். 36 முட்டைகளில் 27 பொரித்தன.

எனவே உழவர் பெருமக்களே, பொரிக்காத முட்டை வீணான முட்டையன்று. அதை எவ்வாறு உடைப்பது, உள்ளே காண்பதை எவ்வாறு படிப்பது, எந்தக் குறைக்கு எந்தத் திருத்தம் என்பனவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டு கணக்குகள்

"பாதிதான் பொரித்தது" என்று சொல்வது போதாது. இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட வேண்டும்.

1. கருக்கூடிய சதம்: வைத்த முட்டைகளில் எத்தனை முட்டைகளில் கரு கூடியிருந்தது என்பது. எங்கள் 60 முட்டைகளில் 53 கருக்கூடியவை. அதாவது 88 சதம். இது நல்ல அளவு. ஆகவே சேவல் மீது குறையில்லை.

2. பொரிதிறன்: கருக்கூடிய முட்டைகளில் எத்தனை பொரித்தன என்பது. எங்களுக்கு 53-இல் 22, அதாவது 42 சதம். குறை இங்கேதான்.

முதல் எண் குறைந்தால் கோழிக் கூட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் எண் குறைந்தால் முட்டையைச் சேர்த்து வைத்த முறை, கோழிகளின் தீவனம், இயந்திரம் ஆகியவற்றைப் பாருங்கள். கருக்கூடிய முட்டைகளில் 100-க்கு 80 பொரித்தால் வீட்டளவில் அது நல்ல பலன். எல்லா முட்டையும் பொரிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது சரியன்று. எவ்வளவு கவனித்தாலும், 4-ஆம் நாளை ஒட்டியும், 19-ஆம் நாளை ஒட்டியும் சில கருக்கள் இறப்பது இயல்பு. முதலாவது, இரத்த ஓட்டம் நிலைபெறும் காலம். இரண்டாவது, குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும் காலம்.

21 நாட்களில் உள்ளே நடப்பது

இறந்த கருவின் வயதைக் கண்டறிய, கீழ்க்கண்ட அடையாளங்களை நினைவில் வைத்தால் போதும்.

3-ஆம் நாள்: மஞ்சள் கருவின் மேல் சிலந்தி வலைபோல் இரத்தக் குழாய்கள்.

4 – 5-ஆம் நாள்: கண் கரும்புள்ளியாகத் தெரியும்.

8 – 10-ஆம் நாள்: இறகு முளைக்கும் புள்ளிகள், அலகு, பிரிந்த கால் விரல்கள்.

13 – 14-ஆம் நாள்: உடலில் மெல்லிய தூவி. குஞ்சு தலையை முட்டையின் அகன்ற முனைப்பக்கம் திருப்பும்.

17 – 18-ஆம் நாள்: காற்றறை நீங்கலாக முட்டை முழுவதும் குஞ்சு நிரம்பியிருக்கும். மஞ்சள் கருப்பை வயிற்றுக்கு வெளியே இருக்கும்.

19 – 20-ஆம் நாள்: மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படும். அலகு காற்றறையைத் துளைக்கும்.

21-ஆம் நாள்: ஓட்டைக் கொத்திக் குஞ்சு வெளிவரும்.

உடைக்கும் முறை

குஞ்சுகள் எல்லாம் வெளிவந்த பிறகு மேலும் ஒரு நாள் விட்டு, 22-ஆம் நாள் முடிவில் மீதி முட்டைகளை எடுங்கள். காதருகே வைத்து ஒலி கேளுங்கள். ஒலியோ அசைவோ இருந்தால் அதை மீண்டும் இயந்திரத்திலேயே வைத்துவிடுங்கள். மற்றவற்றை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் உடைக்க வேண்டும். நாற்றம் அடிக்கும் முட்டையும், ஓட்டின் மேல் நீர் கசிந்த முட்டையும் அழுகியவை. அவை வெடிக்கக்கூடும். அவற்றை உடைக்காமல் எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு புதைத்துவிடுங்கள்.

காற்றறை உள்ள அகன்ற முனையில் கரண்டிக் காம்பினால் தட்டி, ஓட்டை வட்டமாக உரித்தெடுங்கள். முதலில் காற்றறையின் அளவைப் பாருங்கள். பிறகு சவ்வைக் கிழித்து, தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அதன் பின்னரே உள்ளிருப்பதை ஒரு பழைய தட்டில் கொட்ட வேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் பிறகு பார்த்தால் குஞ்சு படுத்திருந்த நிலை தெரியாது. பார்த்து முடித்தவற்றைச் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம்.

உடைத்தவற்றை ஐந்து குவியல்களாகப் பிரியுங்கள். எந்தக் குவியல் பெரியதோ, அதுவே உங்கள் கேள்விக்குப் பதில்.

முதற்குவியல்: கரு கூடாதவை

7-ஆம் நாள் இருட்டறையில் ஒளிச் சோதனை செய்தாலே இவற்றைப் பிரித்துவிடலாம். அட்டைக் குழாய் ஒன்றைக் கைப்பேசி விளக்கின் மேல் பொருத்தி, முட்டையின் அகன்ற முனையை அதன்மேல் வையுங்கள். இரத்தக் குழாய்கள் பரவித் தெரிந்தால் உயிருள்ள முட்டை. வளையமாக மட்டும் இரத்தம் தெரிந்தால் கரு கூடி இறந்தது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கரு கூடாதது.

இதற்கு 7 நாட்கள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. சமையலுக்கு உடைக்கும் முட்டையிலேயே பார்க்கலாம். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி இருக்கும். அது சிறியதாக, ஒழுங்கற்ற விளிம்புடன், அடர்ந்த வெண்மையாக இருந்தால் கரு கூடவில்லை. சற்றுப் பெரியதாக, வட்டமாக, நடுவில் தெளிந்து ஓரத்தில் வளையமிட்டிருந்தால் கரு கூடியது. அடைக்கு வைக்கும் முன்பு ஒரு வாரம் வீட்டில் உடைக்கும் முட்டைகளை இவ்வாறு பார்த்து வாருங்கள். செலவில்லாத சோதனை இது.

காரணங்களும் திருத்தமும்: 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் தேவை. சேவல் வயதானதாகவோ, கால் ஊனமுற்றதாகவோ, பேன் பிடித்ததாகவோ இருந்தால் எண்ணிக்கை சரியாக இருந்தும் பயனில்லை. இரண்டு சேவல்கள் ஓயாமல் சண்டையிட்டாலும் இனச்சேர்க்கை குறையும். புதிய சேவலை விட்ட பின் ஒரு வாரம் முதல் 10 நாட்கள் கழித்தே அடைக்கு முட்டை சேர்க்கவும். கடுங்கோடையில் சேவலின் வீரியம் குறைவது இயல்பு. அந்நாட்களில் நிழலும் குளிர்ந்த குடிநீரும் அவசியம்.

இரண்டாம் குவியல்: முதல் வாரத்தில் இறந்தவை

இரத்த வளையமோ, கரும்புள்ளிக் கண்ணுடன் கூடிய சிறு கருவோ காணப்படும். நமது சூழ்நிலையில், குறிப்பாகக் கோடையில், இக்குவியல் பெரிதாவதற்கு முதற்காரணம் முட்டையைச் சேர்த்து வைக்கும் முறையே.

பெட்டையின் வயிற்றிலிருந்து முட்டை வெளிவரும்போதே, உள்ளிருக்கும் கரு ஏறத்தாழ ஒரு நாள் வளர்ந்திருக்கிறது. முட்டை குளிர்ந்ததும் கரு உறங்குகிறது. சுமார் 20 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழேதான் அந்த உறக்கம் முழுமையானது. நம் வீட்டில் கோடைப் பகலில் 35 டிகிரி நிலவினால், கரு அரைகுறையாக விழித்து, வளர்ந்தும் வளராமலும் நலிகிறது. பிறகு நல்ல இயந்திரத்தில் வைத்தாலும் பிழைப்பதில்லை. ஈரம் பட்டுக் காய்ந்து, மீண்டும் ஈரம் பட்ட விதையை நட்டது போன்றது அது.

திருத்தம்: பொதுவாக 7 நாட்களுக்கு மேற்பட்ட முட்டைகளை அடைக்கு வைக்கக் கூடாது. கோடையில் 3 முதல் 4 நாட்களே போதும். 15 முதல் 18 டிகிரி சேமிப்புக்கு ஏற்றது என்றாலும் அது வீட்டில் எளிதன்று. ஓர் அகன்ற தொட்டியில் மணல் பரப்பி, அதில் மண்பானையைப் பாதியளவு புதைத்து, மணலைத் தினமும் நனையுங்கள். பானைக்குள் வைக்கோல் இட்டு, அகன்ற முனை மேலிருக்குமாறு முட்டைகளை அடுக்கி, மெல்லிய துணியால் வாயை மூடி நிழலில் வையுங்கள். அறையைவிடப் பானைக்குள் வெப்பம் குறைவாக இருக்கும். குளிர்பதனப் பெட்டியின் உட்புறம் 4 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அது கருவுக்கு ஆகாது.

வெளியூரிலிருந்து இரு சக்கர வண்டியில் முட்டை கொண்டுவருபவர்கள், வாளியில் உமி பரப்பி முட்டைகளை அதில் பதித்து வரவேண்டும். வந்தவுடன் இயந்திரத்தில் வைக்காமல், அகன்ற முனை மேலிருக்க அரை நாள் முதல் ஒரு நாள் வரை அசையாமல் வைத்திருங்கள்.

சேமிப்பு சரியாக இருந்தும் இக்குவியல் பெரிதானால், முதல் சில நாட்களில் இயந்திரத்தின் வெப்பம் எல்லை மீறியிருக்கலாம். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் இயந்திரத்தை வெறுமையாக ஓட்டி, வெப்பம் நிலைப்பட்ட பின்னரே முட்டைகளை வையுங்கள்.

மூன்றாம் குவியல்: இரண்டாம் வாரத்தை ஒட்டி இறந்தவை

உடல் உருவாகி, தூவி முளைத்தும் முளையாமலும் இறந்த குஞ்சுகள் இவை. இயல்பாக இக்குவியலே மிகச் சிறியதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் முதலில் தாய்க்கோழியின் தீவனத்தைப் பாருங்கள். ரைபோபிளேவின் போன்ற உயிர்ச்சத்துக்கள் தாயின் தீவனத்தில் குறைந்தால், முட்டை பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே குஞ்சு நடுவழியில் இறக்கும். தூவி சுருண்டு முடிச்சு முடிச்சாக இருப்பது இதன் அடையாளம்.

அடைத்து வைத்து அரிசிக் குருணையும் சோளமும் மட்டும் போடப்படும் கோழிகளுக்கு இக்குறை வரும். மேய்ச்சலுக்குப் போகும் கோழி புழு, பூச்சி, பசும்புல் ஆகியவற்றால் ஓரளவு ஈடு செய்துகொள்ளும். அடைக்கு முட்டை எடுக்கும் கோழிகளுக்கு, சேர்க்கத் தொடங்குவதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே இனப்பெருக்கக் கோழித் தீவனமோ, உயிர்ச்சத்துக் கலவை சேர்த்த தீவனமோ கொடுங்கள். முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, அசோலா ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஓடு மெலிந்திருந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

ஒரே சேவலை ஆண்டுக்கணக்கில் வைத்து, அதன் பெட்டைக் குஞ்சுகளுடனேயே சேரவிட்டாலும் பொரிதிறன் படிப்படியாகக் குறையும். ஆண்டுக்கொரு முறை வேறு கூட்டத்திலிருந்து சேவலை மாற்றுங்கள்.

நான்காம் குவியல்: கடைசி நாட்களில் இறந்தவை

முழுதாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே இறந்த குஞ்சுகள் இவை. பார்ப்பதற்கே மனம் வருந்தும் குவியல் இதுதான். ஆனால் இயந்திரத்தின் குறையைத் தெளிவாகச் சொல்வதும் இதுவே. பின்வரும் அடையாளங்களைக் கவனியுங்கள்.

1. காற்றறை சிறியது, குஞ்சு நீர்கோத்து ஊதியிருக்கிறது, மூக்கில் பிசுபிசுப்பான நீர். இது முதல் 18 நாட்களில் ஈரப்பதம் மிகுந்ததன் அடையாளம். முட்டை போதிய அளவு நீரை இழக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில், அறைக் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது, வழக்கம்போல் தண்ணீர்த் தட்டையும் நிரப்பி வைப்பவர்களுக்கு இது நேரும்.

2. காற்றறை மிகப் பெரியது, குஞ்சு சிறுத்திருக்கிறது, அல்லது ஓட்டைக் கொத்திய பின் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொண்டது. இது ஈரப்பதக் குறைவு. கடைசி மூன்று நாட்களில் ஆசையினால் மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பவர்களுக்கும் இதுவே நேரும். திறந்த நொடியில் ஈரக்காற்று வெளியேறிவிடுகிறது.

3. தலை கூர்முனைப் பக்கம் இருக்கிறது. கூர்முனை மேலிருக்குமாறு முட்டை வைக்கப்பட்டிருக்கும். எப்போதும் அகன்ற முனையே மேலிருக்க வேண்டும். அல்லது முட்டையைப் படுக்கையாக வைக்கலாம்.

4. குஞ்சு சவ்வோடு ஒட்டிக் கிடக்கிறது. வெள்ளைக் கரு முழுவதும் பயன்படாமல் மீந்திருக்கிறது. முட்டைகளைப் போதிய அளவு திருப்பிவிடவில்லை. கையால் திருப்புவோர் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் இட்டு, நாளைக்கு 3 அல்லது 5 முறை திருப்ப வேண்டும். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால், நெடுநேரம் திருப்பாமல் விடும் இரவுப் பொழுதில் ஒவ்வொரு நாளும் பக்கம் மாறி அமையும். 18-ஆம் நாளுக்குப் பின் திருப்பக் கூடாது.

5. பல குஞ்சுகள் ஓட்டைக் கொத்திவிட்டு இறந்திருக்கின்றன. ஆனால் சவ்வு காயவில்லை. காற்றுத் துளைகள் அடைபட்டிருக்கலாம். கடைசி நாட்களில் குஞ்சுக்குப் பிராணவாயு மிகுதியாகத் தேவை. வெப்பத்தைக் காக்க வேண்டுமென்று துளைகளைத் துணியால் அடைப்பது தவறு.

பொரித்த குஞ்சுகளும் சாட்சி சொல்லும். 20-ஆம் நாளுக்கு முன்பே பொரித்து, சிறுத்து, தொப்புள் சரியாக மூடாமல் இருந்தால் வெப்பம் அதிகம். 22, 23-ஆம் நாள் வரை இழுத்து, வயிறு பெருத்துச் சோர்ந்திருந்தால் வெப்பம் குறைவு.

ஓட்டைக் கொத்திய குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்துவிடாதீர்கள். இரத்தம் கசிந்து குஞ்சு இறந்துபோகும். முதலில் பொரித்த குஞ்சு பட்டினி கிடக்குமே என்ற கவலையும் வேண்டாம். வயிற்றுக்குள் போன மஞ்சள் கரு இரண்டு நாட்களுக்கு அதற்குப் போதிய உணவு.

ஐந்தாம் குவியல்: அழுகியவை

எச்சம் ஒட்டிய முட்டை, கீறல் விழுந்த முட்டை, குளிர்ந்த நீரில் கழுவிய முட்டை ஆகியவையே பெரும்பாலும் அழுகும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளிருப்பது சுருங்கி, அழுக்கு நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கழுவ வேண்டிய நிலையிலுள்ள முட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறிதளவே அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும். முட்டையிடும் கூடையில் வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் குஞ்சு எடுத்த பின் இயந்திரத்தின் தட்டுகளைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும்.

கடைசி நாட்களில் பல குஞ்சுகள் இறந்து, பொரித்தவையும் வெண்கழிச்சலால் இறந்தால், அது தாயிடமிருந்து முட்டை வழியாக வரும் நோயாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி, தாய்க்கோழிகளின் இரத்தத்தைச் சோதிக்கச் செய்யுங்கள். அதுவரை அக்கூட்டத்து முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள்.

கருவிகள் உண்மை பேசுகின்றனவா?

இயந்திரத்தின் மேல் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. மூன்று எளிய சோதனைகள் உள்ளன.

1. வெப்பமானி: ஒரு குவளையில் உடல் சூட்டளவு வெதுவெதுப்பான நீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் பொரிப்பானின் வெப்பமானியையும் முனைகள் சேர்ந்திருக்குமாறு ஒன்றாக நீரில் பிடியுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துவைத்து, அதற்கேற்ப இயந்திரத்தைத் திருத்துங்கள். விசிறி உள்ள பொரிப்பானுக்கு 37.5 முதல் 37.8 டிகிரி சென்டிகிரேட் தேவை. இது ஏறத்தாழ 99.5 முதல் 100 டிகிரி பாரன்ஹீட். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். ஆகவே அதில் முட்டையின் மேல்மட்டத்தில் வெப்பமானியை வைத்து 38.3 முதல் 38.9 டிகிரி, அதாவது 101 முதல் 102 டிகிரி பாரன்ஹீட் இருக்குமாறு பார்க்க வேண்டும்.

2. ஈரப்பதமானி: ஒரு புட்டி மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சேறுபோல் ஆகும்வரை சில சொட்டு நீர் விடுங்கள். உப்பு முழுதும் கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 சதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அது 7 குறைத்துச் சொல்லும் கருவி என்று தெரிந்துகொள்ளலாம். முதல் 18 நாட்களுக்கு 50 முதல் 60 சதமும், கடைசி மூன்று நாட்களுக்கு 65 முதல் 70 சதமும் ஈரப்பதம் தேவை.

3. எடை: மூன்று சோதனைகளிலும் நம்பகமானது இதுவே. அடைக்கு வைக்கும் நாளில் 10 முட்டைகளை அடையாளமிட்டு எடை போடுங்கள். 18 நாட்களில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதத்தை இழக்க வேண்டும். 10 முட்டைகள் 500 கிராம் இருந்தால், 18-ஆம் நாள் 440 கிராம் இருக்க வேண்டும். 9-ஆம் நாள் எடை போட்டால் 470 கிராம் அளவில் இருக்கும். அதைவிடக் கனமாக இருந்தால் தண்ணீர்த் தட்டைக் குறையுங்கள். எடை அதிகம் குறைந்திருந்தால் நீரின் பரப்பைக் கூட்டுங்கள். ஆழத்தைக் கூட்டிப் பயனில்லை. ஈரத்தைத் தருவது நீரின் பரப்பே.

கோடையும் மின்தடையும்

குஞ்சு பொரிப்பான் சூடாக்கும், குளிரச் செய்யாது. இதைப் பலர் மறந்துவிடுகிறோம். பங்குனி முதல் வைகாசி வரை, தகரக் கூரையின் கீழ் அறை வெப்பமே 38 டிகிரிக்கு மேல் போகும்போது, இயந்திரத்தின் விளக்கு அணைந்தே இருந்தாலும் உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். குளிர்ச்சியைச் சில மணி நேரம் தாங்கும் கரு, சூட்டைத் தாங்குவதில்லை. 40.5 டிகிரியில் அரை மணி நேரம் இருந்தாலே கருக்கள் கடுமையாகப் பாதிக்கப்படும். ஆகவே, ஓட்டு வீட்டின் உள்ளறையிலோ, சுவர் தடித்த அறையிலோ, சன்னல் வெயில் படாத இடத்தில் இயந்திரத்தை வையுங்கள். அறை வெப்பம் 24 முதல் 27 டிகிரி வரை இருப்பது நல்லது. அதற்கு வழியில்லை என்றால், கத்திரி வெயில் நாட்களில் இயந்திரத்திற்கு ஓய்வு கொடுப்பதே இலாபம்.

மின்சாரம் தடைப்பட்டால் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத் தடையினால் பெருங்கேடு இல்லை. நீடித்தால், காற்றுத் துளைகளை விட்டுவிட்டுப் பெட்டியைப் போர்வையால் போர்த்துங்கள். கடைசி வாரத்து முட்டைகள் தாமே வெப்பத்தை வெளியிடும். விசிறி நின்ற நிலையில், முட்டைகள் நெருக்கமாக உள்ள பெட்டியில் வெப்பமானியை அவ்வப்போது பார்த்து, சூடு ஏறினால் மூடியைச் சற்றே திறந்துவிடுங்கள்.

அடைக்கோழியில் வைப்பவர்களுக்கு

இயந்திரம் இல்லாதவர்களும் இதே ஐந்து குவியல்களைப் பயன்படுத்தலாம். அடைக்கோழி வெப்பத்தையும் ஈரத்தையும் திருப்புதலையும் தானே பார்த்துக்கொள்ளும். எனவே பொரிதிறன் குறைந்தால் முதல், இரண்டாம், ஐந்தாம் குவியல்களிலேயே பெரும்பாலும் விடை கிடைக்கும். கோழியின் உடல் மூடக்கூடிய அளவுக்கு 10 முதல் 12 முட்டைகள் போதும். ஆசைப்பட்டு 16 வைத்தால், ஓரத்து முட்டை மாறி மாறிக் குளிர்ந்து, எல்லாமே கெடும். பேன், உண்ணி இருந்தால் கோழி அடையில் அமைதியாக உட்காராது. அடைக்கு வைக்கும் முன் அவற்றை நீக்குங்கள். தீவனமும் நீரும் அருகிலேயே இருக்கட்டும். மற்றக் கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டால், வயது வேறுபட்ட முட்டைகள் கலந்துவிடும். வைத்த முட்டைகளில் தேதி எழுதுங்கள். புதிதாகச் சேர்வதை அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதனால் தீங்கில்லை. ஆனால் இடி முழங்கும் காலத்தில் கூடைக்குள் சாரல் அடிப்பதும், வைக்கோல் நனைந்து பூசணம் பிடிப்பதும், கோழி மிரண்டு எழுந்துவிடுவதும்தான் கேடு செய்கின்றன. கூடையை நனையாத மூலைக்கு மாற்றுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வைத்த தேதி, முட்டைகளின் எண்ணிக்கை, அவற்றுள் மிகப் பழையதன் வயது, 10 முட்டைகளின் எடை, மின்தடை நேர்ந்த நாட்கள், பொரித்த நாளும் எண்ணிக்கையும், ஐந்து குவியல்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வாருங்கள்.

திருத்தும்போது ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். வயலில் உரத்தையும் விதையையும் நீரையும் ஒரே பருவத்தில் மாற்றினால், விளைச்சல் எதனால் கூடியது என்று தெரியாது. இங்கும் அப்படியே. பெரிய குவியல் எது என்று பார்த்து, அதற்குரிய ஒன்றை மட்டும் திருத்தி அடுத்த முறை வையுங்கள். அந்தக் குவியல் சிறுத்ததா என்று பாருங்கள். சிறுத்தால் காரணம் அதுவே. பிறகு அடுத்த பெரிய குவியலுக்குச் செல்லுங்கள்.

மூன்று முறை இவ்வாறு செய்தால், உங்கள் வீட்டுக்கும் உங்கள் கோழிகளுக்கும் உரிய குறை எது என்பது வெளியிலிருந்து வரும் எங்களைவிட உங்களுக்கே நன்றாகத் தெரிந்துவிடும். அடுத்த முறை 21-ஆம் நாள் முடிந்ததும் மீதி முட்டைகளோடு குப்பைக் குழிக்குப் போகாதீர்கள். ஒரு பழைய தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்காருங்கள்.